மலம்புழையில் ஒரு மதிப்பெண் தாள்

கோயம்புத்தூரிலிருந்து வாளையாரைக் கடந்தால், மேற்குத் தொடர்ச்சி மலை இருபுறமும் விலகி வழிவிடுகிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாயின் வழியே, 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், என் தங்கையின் குடும்பத்தோடு மலம்புழைக்குச் சென்றேன். அவள் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனுக்கு ஆட்டிசம் உண்டு.

முந்தைய ஆண்டு வேறொரு பூங்காவில், ராட்டினத்தின் பாதுகாப்புப் பட்டை இடுப்பை அழுத்தியதும் அவன் அலறினான். இறங்கிய பின்பும் தரையில் புரண்டு அழுதான். "பிள்ளையை வளர்க்கிற லட்சணமா இது?" என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து தங்கை அவனை வெளியே அழைத்துச் செல்வதையே நிறுத்திவிட்டாள்.

பிரியமான பெற்றோரே, குறை வளர்ப்பில் இல்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும் மிகுதியாகவோ மிகக் குறைவாகவோ உறைக்கின்றன. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு உணர்த்தும் அசைவும் அப்படியே. ஆராதனையில் ஒலிபெருக்கிக்கு அருகே அமர இயலாத பிள்ளை, இசை அதிரும் ராட்டினத்தில் மட்டும் எப்படி மகிழ்வான்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள செசமி பிளேஸ் பூங்கா, 2018ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு சவாரிக்கும் தொடுகை, சுவை, ஒலி, மணம், பார்வை என ஐம்புலன்களுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு வெளியிட்டது. நாங்களும் ஒரு தாளில் கட்டங்கள் வரைந்தோம். சுவையையும் மணத்தையும் விட்டுவிட்டு, அசைவு, காத்திருப்பு, பாதியில் இறங்க வழி உண்டா என்னும் மூன்றையும் சேர்த்தோம்.

பாதையையும் ஒரு சவாரியாகவே எண்ணினோம். முன்பொருமுறை போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்திற்குள் ஏறியபோது, கொண்டை ஊசி வளைவுகளிலேயே அவன் சோர்ந்துபோனான். மூணாற்றில் எதையும் பார்க்க மனமில்லை. கணவாய்ச் சாலையோ சமமானது. மலம்புழையில் அவன் அமைதியாக இறங்கினான்.

1955ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அணையின் கீழே தோட்டம் விரிந்து கிடந்தது. நாங்கள் உடனே சீட்டு வாங்கவில்லை. அவன் காதுகளில் ஒலித்தடுப்பானை மாட்டி, ஒவ்வொன்றையும் தூரத்தில் நின்று பார்க்கச் செய்தோம். தோட்டத்தின் மேலே செல்லும் ரோப்கார் ஒலியில் 2 மதிப்பெண்ணே பெற்றது. ஆனால் அந்தரத்தில் பயந்துவிட்டால் இறங்க வழியில்லை. அந்த ஒரு கட்டத்துக்காகவே அதை விட்டுவிட்டோம். தொங்குபாலம் ஆடியது, ஆயினும் வேண்டும்போது திரும்பலாம். அவன் தயங்கி ஓரடி வைத்தான்; பின்பு ஆறு முறை போய் வந்தான்.

கடைசியில் ஊஞ்சலைக் கண்டான். முன்னும் பின்னுமான சீரான அசைவு பலருக்கு அமைதி தரும். நாற்பது நிமிடம் ஆடினான். "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மைத்துனர் கேட்டார். தங்கை விடை சொல்லவில்லை. மகன் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பிள்ளைக்கு இந்த மதிப்பெண்கள் தலைகீழாக அமையலாம். வேகமாகச் சுழல்வதையே விரும்பித் தேடும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே பிறருடைய தாளை வாங்காதீர்கள். உங்கள் பிள்ளையைப் பார்த்து எழுதுங்கள். விடுமுறை நாளின் கூட்டத்தைத் தவிர்த்துக் காலையிலேயே செல்லுங்கள். போகும் இடத்தின் படங்களை முந்தின வாரமே காட்டுங்கள். அவன் போதும் என்று காட்டினால், சீட்டுக்கு மனம் வருந்தாமல் திரும்புங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை அழக் கண்டால், கேள்வி கேட்காமல் சற்று விலகி இடம் கொடுங்கள்.

திரும்பும் வழியில், வாளையாரைத் தாண்டியதும், தங்கை மெல்லக் கேட்டாள்: "அண்ணா, அடுத்த மாதமும் வரலாமா?"