அசோகா சாலையில் நண்பகல் உணவு

தில்லிக்கு மாற்றலாகி வரும் நம்மவர் முதலில் கேட்பது வீட்டு வாடகையைப் பற்றி, அடுத்துக் கேட்பது, "சோறு எங்கே கிடைக்கும்?" என்பது. காலையில் ரொட்டித் துண்டு, இரவில் சப்பாத்தி என்று எதையும் பொறுத்துக்கொள்ளும் நம் வயிறு நண்பகலில் மட்டும் பிடிவாதம் பிடிக்கிறது. இல்லத்தரசியர் கட்டித் தரும் டிபன் காரியர் இருக்க வெளியே உண்பானேன் என்று அன்பர்கள் சிலர் வினவலாம். சனவரி மாதத்துத் தில்லிக் குளிரில், காலை ஏழு மணிக்குக் கட்டிய தயிர்சாதத்தைப் பிற்பகல் ஒரு மணிக்கு உண்டு பார்த்தவர் அவ்வாறு வினவமாட்டார். மேலும், மணமாகாத இளைஞர் பலர் சம்பளத்தின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, இரண்டு வாழைப்பழமும் ஒரு குவளைத் தேநீருமாக நண்பகலைக் கழிப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களை முன்னிட்டே இதனை எழுதத் துணிந்தேன்.

யான் பணிபுரிவது பரோடா மாளிகையில். பரோடா மன்னருக்காக லட்யன்ஸ் என்னும் ஆங்கிலச் சிற்பி வரைந்த அம்மாளிகையில் இன்று வடக்கு இரயில்வேயின் தலைமை அலுவலகம் இருக்கிறது. மன்னர் உலாவிய கூடங்களில் கோப்புகள் உலாவுகின்றன. அங்கிருந்து இந்தியா கேட்டை ஒட்டிச் சிறிது தூரம் நடந்தால் அதே சிற்பி ஐதராபாத் நிஜாமுக்கு அமைத்த மற்றொரு மாளிகை தோன்றும். அயல்நாட்டுத் தலைவர்கள் வரும்போது நம் அரசு அவர்களுக்கு விருந்தளிப்பது அந்த ஐதராபாத் மாளிகையில்தான். அதன் வாயிலில் காவலர் நிற்பர். நமக்கு அங்கே வேலையில்லை. ஆனால் அதற்கு அடுத்தாற்போல் அசோகா சாலையின் முதலாம் எண்ணில் இருக்கும் ஆந்திர பவனுக்குள் எவரும் நுழையலாம். அவ்விடத்து உணவகம் தன் மாநிலத்து விருந்தினர்க்கு மட்டுமன்றி ஊருக்கே சோறிடுகிறது.

முதலில் வரிசையில் நின்று சீட்டுப் பெறவேண்டும். பிறகு கதவருகே காத்திருக்க வேண்டும். இடம் காலியானதும் உள்ளே விடுவர். யார் பக்கத்தில் அமர்வது என்பது நம் விருப்பமன்று. ஒருநாள் என் இடப்புறம் பட்டியாலா மாளிகை நீதிமன்றத்து வழக்கறிஞர் ஒருவர், கறுப்புக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. வலப்புறம் வாடகைக் கார் ஓட்டும் பஞ்சாபி அன்பர். எவர்சில்வர் தட்டில் பூரி, இரண்டு கறி, பருப்பு, சாம்பார், இரசம், தயிர் எல்லாம் வந்துவிடும். சோற்றை வாளியில் கொண்டு வந்து இடுவர். சோற்றில் ஒரு குழி செய்து, மேசைமேல் இருக்கும் பருப்புப்பொடியை அதில் இட்டு நெய் ஊற்றிப் பிசைந்து உண்பதே அங்குள்ள முறை. பஞ்சாபி அன்பர் எனக்கு முன்பே அதைச் செய்து முடித்தார். காரம் நம் ஊரைக் காட்டிலும் அதிகம். பழகாதவர் தயிரை முன்கூட்டியே அருகில் இழுத்து வைத்துக்கொள்க. புலால் உண்போர் ஆட்டிறைச்சி வறுவலோ மீனோ தனியே விலை கொடுத்துப் பெறலாம். ஞாயிறன்று பிரியாணிக்காக வரும் கூட்டத்தைக் கண்டால் தேர்தலோ என்று ஐயுறத் தோன்றும்.

ஆந்திர மாநிலம் 2014இல் இரண்டாயிற்று. ஆயினும் அப்பந்தியில் தெலங்கானத்தாரும் ஆந்திரரும் அடுத்தடுத்து அமர்ந்து ஒரே வாளிச் சோற்றை உண்பதைக் கண்டிருக்கிறேன். "இன்னும் சோறு வேண்டுமா?" என்று ஒருவர் வாளியோடு வந்து கேட்பது இருக்கிறதே, அது விலைக்குக் கிடைக்கும் பொருளன்று. வீட்டைவிட்டு வந்த இளைஞனுக்கு அக்கேள்வியே பாதி உணவு.

அலுவலகத்தில் நமக்கு உள்ளது அரை மணி நேர இடைவேளை. ஆகவே வேலைநாளில் ஆந்திர பவனுக்கு அப்பால் போதல் இயலாது. அதற்கும் ஒரு மணி அடிப்பதற்குள் வரிசையில் நின்றால்தான் உண்டு. சாணக்கியபுரியில் உள்ள நம் தமிழ்நாடு இல்லமோ, அரை மணியில் போய்வரும் தொலைவில் இல்லை. கன்னாட் பிளேசில் மதராஸ் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. நமக்கு முந்தைய தலைமுறையின் தில்லித் தமிழர்க்கு அதுவே நண்பகல் அடைக்கலம். அது மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் பேருந்து நிறுத்தத்திற்கு அதன் பெயரே வழங்கியது. உணவகம் போய்ப் பெயர் நிலைப்பது தில்லியில் புதிதன்று. இப்போது சரவண பவன் இருக்கிறது. சுவையில் குறை சொல்ல மாட்டேன், ஆனால் குமாஸ்தா நாள்தோறும் நுழையும் இடமன்று.

விடுமுறை நாளில் அசோகா சாலையிலேயே மேலும் நடந்தால் வேறு இரண்டு பந்திகள் உண்டு. ஜந்தர் மந்தர் சாலையில் உள்ள கேரள இல்லத்து உணவகம் ஒன்று. குத்தரிசிச் சோறும் மீன் வறுவலும் விரும்புவோர்க்கு அதைவிட வேறிடம் சொல்ல அறியேன். நாஞ்சில் நாட்டு அன்பர்கள் அங்கே போய்க் கண்கலங்கியதாகவும் கேள்வி. அதே சாலையோரத்தில்தான் 2017இல் நம் காவிரிப் பகுதி உழவர்கள் மண்டையோடுகளை முன்வைத்துப் பல வாரம் அமர்ந்திருந்தனர். சோறு விளைவிப்போர் வெயிலில் இருக்க, சில அடி தொலைவில் சோற்றுக்குச் சீட்டு வாங்கி நிற்பது அந்நாளில் எளிதாக இல்லை.

மற்றொன்று, சாலையின் மறுகோடியில், வட்ட வடிவ அஞ்சலகமாகிய கோல் டாக்கானாவுக்கு அருகில் உள்ள பங்களா சாகிப் குருத்துவாரம். சீக்கியரின் எட்டாம் குருவாகிய ஹர்கிருஷ்ணர் 1664இல் அங்கிருந்த ராஜா ஜெய்சிங்கின் மாளிகையில் தங்கி, நோயால் வாடிய தில்லி மக்களுக்குத் தொண்டு செய்தார் என்பர். சென்ற ஆண்டு மாயவரத்திலிருந்து வந்த என் பெரியப்பாவை அங்கே அழைத்துச் சென்றேன். ஓட்டல் என்றாலே முகஞ்சுளிப்பவர் அவர். காலணியை ஒப்படைத்து, தலையைத் துணியால் மூடி, வரிசையாகத் தரையில் அமர்ந்தோம். "ஏனப்பா, சீட்டு எங்கே வாங்குவது?" என்றார். இங்கே சீட்டில்லை, பெரியப்பா, என்றேன். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்கவேண்டும். பருப்பும் காய்கறியும் தட்டில் விழும். பரிமாறுபவர், பாத்திரம் துலக்குபவர் எல்லாரும் தொண்டர்.

அவ்வரிசைக்கு அவர்கள் பங்கத் என்று பெயர் சொல்கிறார்கள். நம் பந்தியும் அவர்கள் பங்கத்தும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. இதனைச் சொன்னதும் பெரியப்பா, இரயில்வேயில் பணிபுரிந்த தம் தந்தையார் கூறிய பழங்கதை ஒன்றை எடுத்தார். தென்னாட்டு இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்குத் தனியிடமும் ஏனையோர்க்குத் தனியிடமுமாகத் தடுத்து வைத்திருந்தனர்; பெரியார் முதலானோர் தொடர்ந்து எதிர்த்ததன் பின்னர், 1941இல்தான் அது ஒழிந்தது. ஒரே வண்டியில் வந்தவர் இறங்கியதும் இருவேறு கதவுகளைத் தேடிச் சென்றனர் என்று பாட்டனார் சொல்வாராம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பாவின் அருகில் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் வந்து அமர்ந்தார். பெரியப்பா சிறிது நகர்ந்து இடம் விட்டார்; தம் தட்டில் மிகுந்த ரொட்டியை அவருக்கு அளிக்கவும் முற்பட்டார். அவ்வாறு செய்யலாகாது, தொண்டர் மீண்டும் வருவார் என்று அருகிருந்த மூதாட்டி இந்தியில் கூறினார்.

உண்டபின் காப்பி வேண்டுவோர் பாபா கடக்சிங் சாலையில் உள்ள மோகன்சிங் பிளேசின் மாடிக்கு ஏறலாம். ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இந்தியன் காப்பி ஹவுஸ் அங்கே இருக்கிறது. கன்னாட் பிளேசில் இருந்த பழைய காப்பி ஹவுஸ் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், இடிக்கப்பட்டது. தலைப்பாகை அணிந்த ஊழியர் காப்பி கொண்டு வருவார். எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தாலும் எழுந்து போகச் சொல்லார். கும்பகோணத்து டிகிரி காப்பியை அங்கே எதிர்பார்த்தல் கூடாது. பெரியப்பா ஒரு வாய் அருந்தினார்; கோப்பையைக் கீழே வைத்தார்; வானிலை நன்றாயிருக்கிறது என்றார்.