கையில் வாங்கியது 11 ரூபாய்

ஆகஸ்ட் 5, திங்கள்

கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வீட்டில் உள்ள சரித்திரம் ஒரே வரிதான்: வாய்க்காலோரத்து ஒண்ணேகால் ஏக்கர் நஞ்சையை விற்றுச் சீட்டாடித் தீர்த்தவர். போட்டோ கிடையாது. திதியன்று மட்டும் பேர் சொல்வோம். வில்லங்கம் போட்டுப் பார்க்கலாமே என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஆன்லைனில் 1975-க்கு முன்னால் போகவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

மன்னார்குடி. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுவும் தேடுதல் கட்டணமும் கொடுத்தாயிற்று. சொத்தை வைத்துத் தேட ஓர் அட்டவணை, ஆளை வைத்துத் தேட இன்னொன்று. சர்வே நம்பர் தெரியாது. ஆளைத்தான் தேட வேண்டும். எங்கள் ஊரில் அதே பெயரில் மூன்று பேர். தகப்பனார் பெயர் காப்பாற்றியது.

ஆகஸ்ட் 21, புதன்

நகல் வந்துவிட்டது. ஆங்கீரச ௵ மாசி ௴, அதாவது 1933. "இது எழுத்தா, பூச்சியாப்பா?" என்று ௵-ஐக் காட்டிக் கேட்டான் மகன். ௹ ரூபாய் என்பதை அவனே கண்டுபிடித்தான்.

விவசாய ஜீவனம் செய்பவர் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரயம், 410 ரூபாய்க்கு. பணம் போன வழியைப் பத்திரமே சொல்கிறது. பெரிய மகள் கல்யாணத்துக்கு வாங்கிய நோட்டுக் கடன், அசலும் வட்டியுமாக 362 ரூபாய் 8 அணா. கடன் கொடுத்தவரேதான் நிலத்தையும் வாங்குகிறார், கழித்துக்கொண்டார். மூன்று பசலித் தீர்வை பாக்கி 36 ரூபாய் 4 அணா. ரொக்கமாகக் கையில் வாங்கியது 11 ரூபாய் 4 அணா.

1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து கிடந்த காலம் அது. விலைதான் இறங்கியது, வட்டி இறங்கவில்லை. இவரைப் போன்றவர்களைச் சர்க்கார் காகிதம் கண்டுகொள்வதே கடன்பட்டு விற்கிற நாளில்தான்.

கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயரும் பக்கத்தில் 'கீறல்' என்ற சொல்லும். நகல் என்பதால் அந்தக் கீறலைக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பெரியத்தைக்கு 84 வயது. முழுப் பத்திரத்தையும் வாசித்துக் காட்டினேன். நிலத்தின் மால், அதாவது நான்கு எல்லை, சொல்லும் இடத்தில், "வாய்க்காலுக்கு வடக்கே, ஆமா" என்று தலையாட்டினார்.

"அப்போ தாத்தா சீட்டாடலையாடா?"

"ஆடியிருக்கலாம் அத்தை, 11 ரூபாய்க்கு."

அத்தை சிரிக்கவில்லை. தனக்கு ஒரு ஜெராக்ஸ் போட்டுத் தரச் சொன்னார்.