நாலு மாசம் மீனாட்சி ஆட்சி!

"உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?"

புதுசாய்க் கல்யாணம் ஆகி ஆபீசுக்கு வருகிறவனை, யாராவது ஒரு சீனியர் இப்படிக் கேட்காமல் விடமாட்டார். மதுரை என்றால் அம்மா கை ஓங்கின வீடு. சிதம்பரம் என்றால் ஐயா கை ஓங்கின வீடு. மாப்பிள்ளை பதில் சொல்லாமல் அசடு வழிந்தால், 'மதுரைதான்' என்று முடிவு கட்டி ஃபைலை மூடிவிடலாம்.

மற்ற ஊரில் இது ஜோக். மதுரையில் இது சட்டம் ஸார்! சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். தலையில் ராயர் கிரீடம், கையில் ரத்தினச் செங்கோல், கழுத்தில் பாண்டியர்களின் வேப்பம்பூ மாலை. அன்றையிலிருந்து சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று நாலு மாசம் அவள் ஆட்சி. ஆவணியில்தான் செங்கோல் சொக்கநாதர் கைக்குப் போகும். மிச்ச எட்டு மாசத்தை ஐயா பார்த்துக்கொள்வார்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கத்திரி வெயில், தண்ணீர்க் கஷ்டம், பள்ளிக்கூட லீவு, சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்குகிற திருவிழா... அத்தனையும் அம்மா டர்ன்! மழை பெய்து ஊர் குளிர்ந்து, தீபாவளி போனஸ் வருகிற சமயம் பார்த்து ஐயா டர்ன். கோயிலில் மட்டுமில்லை, மதுரையில் வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

நம்பிக்கையில்லையா? பங்குனிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். விடியும்போது மதுரை.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மேலவெளி வீதி. அங்கிருந்து கோயிலைப் பார்த்து நடந்தால் முதலில் மாசி வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் சித்திரை வீதி, மதிலுக்குள்ளே ஆடி வீதி. ஊரே ஒரு காலண்டர்! ஆனால், சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில். மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623 - 1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு சேர்த்துவிட்டார் என்பார்கள். அறுப்பு முடிந்து ஜனங்கள் கையில் காசும் நேரமும் புரள்கிற மாசமாம். ராஜா சௌகரியமாய் மாற்றிவிட்டுப் போய்விட்டார். அடுப்படியில் நிற்கிறவளுக்கு எந்த மாசம் தோதுப்படும் என்று யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

நடந்தது போதும். இப்போது தலையை நிமிர்த்தி மொட்டை மாடிகளைப் பாருங்கள். மணி ஆறரைகூட ஆகியிருக்காது. அதற்குள் அம்மா அங்கே இருப்பாள்.

நாலரைக்கே எழுந்து, அண்டாவில் அரிசிக் கூழ் கிண்டியாயிற்று. உப்பு, பச்சைமிளகாய் அரைத்தது, சீரகம், பெருங்காயம். இறக்கி வைத்து எலுமிச்சம்பழச் சாறு. கூழ் கிண்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. கட்டி தட்டக்கூடாது, அடி பிடிக்கக்கூடாது, கை ஓயக்கூடாது. நாம் மாசாமாசம் பணம் கட்டி ஜிம்மில் செய்கிற தோள்பட்டைப் பயிற்சியை அம்மா இலவசமாய்ச் செய்கிறாள். அப்பாவின் பழைய வேட்டியை நனைத்து விரித்து, நாழியில் போட்டுப் பிழிந்தால் கூழ்வத்தல். மெட்ராஸ் பக்கம் வடாம் என்பீர்கள்.

ஏன் பங்குனி, சித்திரையில்? வெயில் மட்டும் அடித்தால் போதாது. காற்றிலும் ஈரம் இருக்கக்கூடாது. கடற்கரை ஊரில் வெயில் எவ்வளவு அடித்தாலும் கூடவே புழுக்கமும் இருக்கும். வத்தல் சவசவ என்று கிடக்கும். கடலுக்கு எட்ட இருக்கிற மதுரைச் சமவெளியில் அடிப்பது வறண்ட சூடு. ஆனி, ஆடி வந்துவிட்டால் காற்று கிளம்பி, தெரு மண்ணையெல்லாம் வாரி வத்தல்மேல் மசாலா தூவிவிடும். ஆகவே இந்த ரெண்டு மாசம்தான் சீசன். இதை எந்த வானிலை மையமும் சொல்லித் தரவில்லை. பாட்டி சொன்னாள், அம்மா செய்கிறாள்.

பாதி காய்ந்த வத்தலுக்கு ஒரு ருசி உண்டு. அது காக்காய்க்கும் தெரியும், கடைக்குட்டிக்கும் தெரியும். காக்காய்க்குக் கறுப்புக் குடை விரித்து வைத்திருக்கும். கடைக்குட்டிக்கு, "டேய், அங்கிட்டுப் போன... காலை ஒடிச்சுப்புடுவேன்!"

பக்கத்திலேயே மோர்மிளகாய். ராத்திரி முழுக்க உப்பு மோரில் ஊற வேண்டும், பகல் முழுக்க வெயிலில் காய வேண்டும். மறுபடி ஊறல், மறுபடி காய்ச்சல்... மோர் தீருகிறவரை. (புதுசாய் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்த ட்ரெயினிங் பழகினதாய் இருக்கும்!) இன்னொரு பக்கம் சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய். மூலையில் ஒரு முறம் நிறைய வேப்பம்பூ. மரத்தடியில் பழைய சேலையை விரித்துவைத்து, உதிர்ந்ததை அள்ளி வந்தது. மீனாட்சி கழுத்தில் பட்டாபிஷேக மாலையாய்த் தொங்குவதும், அம்மா சட்டியில் ரசமாய்க் கொதிப்பதும் ஒரே பூதான்.

இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? இந்த மாடியில் காய்கிற எதுவும் இந்த வெயிலுக்காக இல்லை. எல்லாம் ஐப்பசி அடைமழைக்கு. வெயிலைப் பிடித்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுகிற வேலை இது. டப்பாவுக்குப் போனது போக, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனிப் பங்கு. அது உங்களுக்கு! சனிக்கிழமை ராத்திரி மேன்ஷன் ரூமில் மோர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் அலமாரியைத் துழாவும்போது கையில் தட்டுப்படுமே... அந்த பாட்டில்.

மாடியை விட்டு இறங்கினால் தண்ணீர். மதுரைக்குக் குடிதண்ணீர் கொடுப்பதில் பெரிய கை, ஆண்டிபட்டி பக்கம் 1959-ல் திறந்த வைகை அணை. அதன் முழு மட்டம் 71 அடி. பேப்பரில் ஒரு மூலையில் 'அணை நீர்மட்டம்' என்று பொடி எழுத்தில் வருமே, அதை நாம் பார்க்கவே மாட்டோம். அப்பா கிரிக்கெட் ஸ்கோர் பார்த்து முடிப்பதற்குள் அம்மா அதைப் பார்த்துவிடுவாள். அடிக்கணக்கு இறங்க இறங்க வீட்டில் அவசரச் சட்டம் அமலாகும். அரிசி களைந்த தண்ணீர் துளசிக்கு, துணி அலசின தண்ணீர் வாசலுக்கு, ஷவரில் நின்று பாட்டுப் பாடுகிறவனுக்கு வெளியிலிருந்து கதவில் ரெண்டு தட்டு.

2017 ஏப்ரலில், அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். அமைச்சரே நேரில் வந்து தொடங்கி வைத்தார். ஒரு காற்று அடித்தது... அட்டையெல்லாம் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நாடே விழுந்து விழுந்து சிரித்தது. மதுரை அம்மா மட்டும், "பானைக்குத் தட்டு போட்டு மூடலாம், ஆத்துக்கு எவன் தட்டு போடுவான்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு ஆவியைத் தடுக்கவும் தெரியும், அதனிடம் வேலை வாங்கவும் தெரியும். மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் கசிகிற நீர், ஆவியாகும்போது சூட்டையும் கூடவே எடுத்துப் போகிறது. கீழே மணல் பரப்பி, சுற்றிலும் ஈரத்துணி கட்டினால் கரண்ட் பில் இல்லாத ஃப்ரிட்ஜ்!

பதினோரு மணிக்கு பஜார். கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே புது மண்டபம். பேர்தான் புதுசு, கட்டியது அதே திருமலை நாயக்கர். வசந்த உற்சவத்துக்கு சாமி வந்து தங்க, சுற்றிலும் தண்ணீர் நிற்கிற மாதிரி கட்டிய மண்டபம். பதினேழாம் நூற்றாண்டு ஏர்கூலர்! பின்னாளில் அங்கே தையல் மெஷின்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் குடியேறின. அழகருக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்களுக்கு அங்கேதான் உடுப்புத் தைப்பார்கள். இப்போது அந்தக் கடைகளெல்லாம் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. பின்னாலேயே அம்மாவும் ஜாக்கெட் துணியோடு போய்விட்டாள்.

வழியில் பூ. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லி, மார்கழிப் பனியில் அரும்பு குறைந்து ஆனை விலை விற்கும். வெயில் ஏற ஏற அரும்பு கொட்டும். விலையும் கைக்கு எட்டும். நாலு முழம் வாங்குவாள். சாமி படத்துக்கு ஒரு முழம், மகளுக்கு ஒரு முழம், மருமகளுக்கு ஒரு முழம், ஊரிலிருந்து வந்த நாத்தனாருக்கு ஒரு முழம். "உனக்கும்மா?" என்றால், "சாமிக்குப் போட்டதுல ஒரு கிள்ளு போதும்டா."

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பேருக்கு அர்த்தமே நெஞ்சுக்குக் குளிர்ச்சி. சுண்டக் காய்ச்சின பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். உங்களுக்குப் பெரிய டம்ளர் சொல்லுவாள். "உனக்கும்மா?" "எனக்குப் பல்லு கூசும்."

இந்த 'உனக்கும்மா'வை இன்னொரு தரம் கேட்க வேண்டிய இடம் வரப்போகிறது.

பரீட்சை முடிகிறது, திருவிழாக் கொடி ஏறுகிறது. மேலூர் அத்தை, சோழவந்தான் சித்தி, உசிலம்பட்டி மாமா என்று ஒவ்வொரு குடும்பமாய் வந்து இறங்கும். அந்தக் காலத்தில் கூண்டு வண்டி கட்டி வந்தார்கள், இப்போது வேன். அஞ்சு பேர் இருந்த வீட்டில் பதினஞ்சு தலை. "என்ன மதினி, இம்புட்டு மெலிஞ்சுட்டீக!" என்று விசாரித்துக்கொண்டே அடுத்த உலைக்கு அரிசி போடச் சொல்லுவார்கள்.

திருக்கல்யாணத்தன்று மீனாட்சி கழுத்தில் மங்கல நாண் ஏறுகிற நேரம், ஊரில் இருக்கிற சுமங்கலிகள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். கோயிலுக்குள் இடம் கிடைத்தவர்கள் அங்கேயே, மற்றவர்கள் டி.வி. முன்னால். அம்மா ஒரு கண்ணை டி.வி.யிலும் ஒரு கண்ணை அடுப்பிலிருக்கிற பாலிலும் வைத்துக்கொண்டு மாற்றுவாள். சேதுபதி பள்ளிக்கூடத்தில் ஊருக்கே கல்யாண விருந்து. ஜனங்கள் மறக்காமல் மொய் எழுதுவார்கள். சாமி வீட்டுக் கல்யாணமானாலும் மொய் மொய்தானே!

அப்புறம் அழகர். அழகர்மலையிலிருந்து இருபது கிலோமீட்டர், மண்டபம் மண்டபமாய் நின்று, தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு, சித்திரா பௌர்ணமி விடிகாலையில் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவார். அணையிலிருந்து அதற்கென்று தண்ணீர் திறந்துவிடுவார்கள். அழகர் உடுத்தியிருப்பது பச்சைப் பட்டா என்று ஊரே எட்டிப் பார்க்கும். பச்சையென்றால் வருஷம் செழிக்கும். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவர், அது முடிந்துபோனது தெரிந்து, ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் கோபமாய்த் திரும்பிவிட்டதாகக் கதை.

கோரிப்பாளையத்திலோ செல்லூரிலோ, ஆற்றங்கரையிலேயே குடியிருக்கிற ஒரு அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். "நேர்ல பாத்திருக்கீங்களாம்மா?"

"சின்னப்புள்ளையில எங்கய்யா தோள்ல உக்காந்து பாத்தது. இப்பத்தான் டி.வி.யிலயே காட்டுறாகளே! இத்தனை பேரு குளிச்சிட்டுப் பசியோட வருவாகள்ல... வீட்டைப் போட்டுட்டு எப்படிப் போக?"

தங்கச்சி கல்யாணத்தைப் பார்க்க முடியாத அழகருக்காக வருஷா வருஷம் லட்சக்கணக்கான ஜனம் ஆற்றில் இறங்குகிறது. அழகரைப் பார்க்க முடியாத அம்மாவுக்காக ஒருத்தரும் எங்கேயும் இறங்கக் காணோம்.

இது நாமாகச் சொல்வதில்லை. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளைக்கு 289 நிமிஷம் செலவழிக்கிறார்கள் என்று வந்தது. வீட்டுவேலை செய்கிற ஆண்கள் (அப்படியும் சிலர் இருக்கிறார்கள்!) 88 நிமிஷம். 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், புருஷன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. மேனேஜர், சமையல் நிபுணர், வீட்டு டாக்டர் என்று அவள் வகிக்கும் பதவிகளையும் தீர்ப்பு பட்டியல் போட்டது. ஆபீசில் இத்தனை போஸ்ட்டை ஒரே ஆள் பார்த்தால் யூனியன் சும்மா விடுமா?

ஆகவே, இந்த வருஷம் லீவு லெட்டரை இப்போதே எழுதி வையுங்கள். அழகர் இறங்குகிற அன்று விடிகாலை அம்மாவைக் கூட்டிப் போங்கள். ஆனால், முன்வரிசைக்கு முண்ட வேண்டாம். 2022-ல் நெரிசலில் இரண்டு உயிர் போயிருக்கிறது. கூட்டம் பயமாயிருந்தால் முதல் நாளே மூன்றுமாவடிப் பக்கம் எதிர்சேவையில் காட்டிவிடலாம். அப்படியே நாலு முழம் மல்லி வாங்கி, நாலையும் அவள் தலையிலேயே வையுங்கள்.

வீட்டில் பதினஞ்சு பேருக்குச் சாப்பாடு? முதல் நாளே சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது. மோர்மிளகாய் டப்பாவில் இருக்கிறது. கூழ்வத்தல் மூணாவது தட்டில் இருக்கிறது. எல்லாம் அவளே முன்கூட்டி செய்துவைத்ததுதான். எண்ணெய் நன்றாய்க் காய்ந்த பிறகு வத்தலைப் போடணும். காயாமல் போட்டால் மாமாவுக்குப் பல் போகும். இந்த ஒரு பாயிண்ட் தெரிந்தால் போதும்... மீனாட்சி ஆட்சியில் ஒரு நாள் பொறுப்பு முதல்வராக நீங்கள் தாராளமாய்ப் பதவி ஏற்கலாம்!