பொன்முகலியின் கூழாங்கல்

பாகாலாவை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகளில் பிறக்கிறது சுவர்ணமுகி. பெரியபுராணம் படித்தவர்களுக்கு இது பொன்முகலி. கடலைச் சேரும்வரை சுமார் 130 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைபுரளும். சித்திரையில் வெறும் மணல். பஸ் பாலத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்க்கிறவர்கள், ஆறு செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சாகவில்லை.

சந்திரகிரிப் பக்கம், மழை விட்டுத் தண்ணீர் தெளிந்த ஒரு நாளில், ஆற்றில் கிடக்கும் கூழாங்கல்லை எடுத்துத் தடவிப் பாருங்கள். விரல் வழுக்கும். பொன்னும் பழுப்பும் கலந்த ஒரு படலம் நகக்கண்ணில் ஒட்டும். அதில் நிறைந்திருப்பவை டயட்டம்கள், ஒற்றைச் செல் பாசிகள். ஆய்வாளர்கள் பல் துலக்கும் பிரஷ்ஷால்தான் இதைத் தேய்த்து எடுக்கிறார்கள். நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொன்றும் மூடியிட்ட கண்ணாடிச் சிமிழ்: சில படகு போல, சில ஊசி போல, சிமிழின் சுவர் முழுக்க வரிவரியாக நுண்துளைகள். அந்தச் சுவர் சிலிக்கா. மலைப்பாறையிலிருந்து மழைநீர் கரைத்துக் கொண்டுவருவதை எடுத்தே அவை வீடு கட்டுகின்றன.

தொண்டவாடா அகத்தீஸ்வரர் கோயிலருகே பீமா, கல்யாணி ஆறுகள் வந்து சேர்கின்றன. கல்யாணியின் குறுக்கே 1977இல் கட்டிய அணை திருப்பதிக்குக் குடிநீர் தருகிறது. அதற்குக் கீழே சுவர்ணமுகி வற்றும் விதத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் ஓட்டம் நிற்கும், பிறகு குட்டைகள் மிஞ்சும், கடைசியில் மணலுக்கடியில் ஈரம் மட்டும் இருக்கும். டயட்டம்களும் அந்த ஈரத்தின் பின்னாலேயே போகின்றன. நகரத் தெரிந்தவை மணலுக்குள் இறங்குகின்றன. சில, தாமே சுரந்த பசைக்குள் ஒடுங்கிக் கல்லோடு கல்லாகக் காய்கின்றன. ஹான்ஸ்சியா, லூட்டிகோலா போன்ற பேரினங்கள் ஈரமண்ணிலும் பாறையிலும் வாழப் பழகியவை. பெரும்பாலானவை மடிந்துபோகும். தப்பியவை அடுத்த மழைக்குக் காத்திருக்கும். தண்ணீர் வந்த சில வாரங்களில் கற்கள் மறுபடி வழுக்கத் தொடங்கும்.

திருச்சானூரில் இந்த ஆற்றின் இன்னொரு முகத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் கரையோர வீடே சரிந்து ஆற்றில் விழுந்தது. வறட்சியும் வெள்ளமும் டயட்டம்களுக்குப் பழகியவை. நகரத்துச் சாக்கடை அப்படியல்ல. கழிவு கலந்தால் நிட்சியா பாலியா போன்ற சில இனங்கள் மட்டும் பெருகி, மற்றவை குறைந்துபோகும். அதனால்தான் ஐரோப்பிய நாடுகள் ஆற்றின் நலத்தை அறிய டயட்டம்களை எண்ணுகின்றன. டயட்டம்களைப் பற்றிய அறிவு நமக்குப் புதிதல்ல. ஜி. வெங்கடராமன் 1939லேயே தென்னிந்திய டயட்டம்களை விவரித்து எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி டயட்டம் படத்தொகுதிகளையே வெளியிட்டார்.

காளத்தியில் ஆறு வடக்கு நோக்கித் திரும்புகிறது. பெரியபுராணத்துத் திண்ணனார் தம் வாயில் முகந்து சென்று இறைவனுக்கு ஆட்டியது இந்த ஆற்றின் நீரைத்தான். அந்த ஒரு வாய் நீரிலும் கண்ணுக்குத் தெரியாத பொன்சிமிழ்கள் இருந்திருக்கும் என்று நினைக்கையில் மனம் நெகிழ்கிறது.

காளத்தியைத் தாண்டினால் சமவெளி. நாயுடுப்பேட்டை, வாகாடு வழியாக ஆறு வங்கக் கடலில் கலக்கிறது. அது சுமந்துவரும் சிலிக்கா கடல் டயட்டம்களுக்கு உணவாகிறது. அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்களைத் தின்று மீன் வளர்கிறது. உலகில் தாவரங்களும் பாசிகளும் வெளியிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயட்டம்கள் தருவது.

தண்ணீர் இல்லாத மாதங்களில்தான் ஆற்றுக்கு அதிகக் கேடு நடக்கிறது. மணலை அள்ளுகிறோம், குப்பையைக் கொட்டுகிறோம், கரையை நெருக்கி வீடு கட்டுகிறோம். அள்ளிப்போகும் மணலோடு அடுத்த மழைக்கான விதையும் போகிறது. காய்ந்து கிடக்கும் ஆற்றைக் காலி மனையாக நினைக்காதீர்கள். அதன் மணலை அதனிடமே விட்டுவையுங்கள்.