பழைய ஷீட்டை யாருக்குக் கொடுப்பது?

கடலூரில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு எப்போதும் ஆள் உண்டு. கூரையை விட்டு இறங்கும் முன்பே யாராவது கேட்டுவிடுவார்கள். விறகு நனையாமல் மூடலாம், சாக்கடைமேல் போடலாம். உடைந்த துண்டைக்கூட மழைக்காலத்தில் வாசல் சேற்றில் போட்டு மிதித்து நடக்கலாம். முதுநகரில் எங்கள் அம்மா வீட்டுக் கூரையை மாற்றப்போகிறோம் என்றதும், பக்கத்துத் தெருவில் ஆடு வளர்க்கும் அக்கா வந்தார்.

"தம்பி, அந்த ஷீட்ட வெளிய போட்றாதப்பா. ஆட்டுக்கு மேல போட்டுக்கறேன்."

"அதோட தூளு நுரையீரலுக்கு ஆகாதுக்கா. கேன்சர் வரும். வேணாம்."

"உங்கம்மா அதுக்குக் கீழதான தம்பி உங்கள வளத்தாங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கீற்று வேய்ந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த ஷீட் பெரிய ஏற்றம். அடுப்புப் பொறிக்குப் பயப்பட வேண்டாம், வருஷா வருஷம் கீற்று வாங்க வேண்டாம். அப்பா அதைப் போட்ட நாள் எங்களுக்குத் திருநாள்தான். அவர் ரம்பத்தால் அறுக்க, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பத்து வயதிருக்கும். வெள்ளைத் தூள் தலையெல்லாம் படிந்தது. அப்பாவின் சட்டையை அம்மா உதறித் துவைத்தார்.

ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் தரும் நோய்கள் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் 1995-ல் உச்ச நீதிமன்றம், கல்நார் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்த பையனுக்குப் பதிவேடு ஏது? நான் இப்போது அந்த 20–40 ஆண்டுக் கணக்குக்குள் நிற்கிறேன். இருமல் நாலு நாள் நீடித்தால் மனம் அந்தத் தூளுக்குப் போய்விடுகிறது. ஒருநாள் சுவாசித்ததால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. வீட்டில் இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார். முழுதாக இருக்கும்வரை சிமெண்ட் அந்த நாரைப் பிடித்துவைத்திருக்கும். அறுத்தால், துளையிட்டால், உடைத்தால், வெயிலும் மழையும் மேல்பரப்பை அரித்தால் நார் பிரிந்து காற்றில் கலக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் மக்கள் நாற்றத்தை மூக்கால் கண்டுபிடித்தார்கள். 2004 வாக்கில் வாளிகொண்டு காற்று மாதிரி எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். கல்நாரிடம் அந்த மூக்கு பலிக்காது.

எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. நாம் இன்னும் இறக்குமதி செய்து கூரை போடுகிறோம்.

சரி, கழற்றியதை எங்கே கொண்டுபோவது? 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், பேட்டரி, காலாவதி மருந்து ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. கூரை ஷீட்டின் பெயர் அந்த வரிசையில் இருக்கவில்லை. அபாயக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. கடலூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். அதுவும் தொழிற்சாலைக் கழிவுக்காக ஏற்பட்டது.

நான் சிதம்பரத்தில் குடியிருப்பவன். கூரை வேலைக்கு அங்கிருந்தே ஆள் கூட்டி வந்தேன். "சுத்தியால தட்டுனா அரை மணில எறக்கிடலாம் சார்" என்றார். கூடுதல் கூலி பேசி, அவர் சுத்தியலைக் கீழேயே வைக்கச் சொன்னேன். கடற்காற்று ஏறுமுன் விடியற்காலையில் தொடங்கினோம். ஷீட் முழுவதும் பூவாளியால் நனைத்தோம். துருப்பிடித்த ஜே போல்ட்டுகளை ஷீட்டில் கைவைக்காமல் கட்டரால் வெட்டினோம். ஒவ்வொரு ஷீட்டையும் கயிறு கட்டி முழுதாக இறக்கினோம். எல்லார் முகத்திலும் கல்நாருக்கேற்ற வடிகட்டி மாஸ்க். தோள்துண்டை மூக்கில் கட்டுவது இந்த நாருக்குப் போதாது. கீழே விழுந்த சில்லுகளைத் துடைப்பம் தொடாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம். அந்தத் துணியையும், வேலைக்குப் போட்ட பழைய சட்டைகளையும் சில்லுகளோடு கட்டிவிட்டோம். கணவனின் வேலைச் சட்டையைத் துவைத்தே நோய் வாங்கிய பெண்கள் மேலைநாடுகளில் பலர். அம்மா உதறிய சட்டை என் கண்ணில் நின்றது.

கொல்லையில் புதைத்துவிடலாம் என்றார்கள். கெடிலமும் தென்பெண்ணையும் கரை மீறும் ஊர் இது. 2024 ஃபெஞ்சல் புயலின்போது தண்ணீர் எங்கெல்லாம் புகுந்தது என்று பார்த்தவர்கள்தானே நாம். நாளைக்கு யாராவது கடைக்கால் தோண்டினால் கடப்பாரை நேராக அதன்மேல்தான் இறங்கும். எனவே கெட்டி பாலித்தீன் தாளில் இரண்டு சுற்று சுற்றி, உயரமாகக் கல் அடுக்கி அதன்மேல் வைத்திருக்கிறேன். 'கல்நார், உடைக்காதே' என்று பெயின்ட்டில் எழுதியாயிற்று.

அக்காவிடம் இல்லை என்று சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. என்னிடம் கூரை மாற்றக் காசு இருந்தது, அவரிடம் இல்லை. வெறும் அறிவுரையோடு அவரை அனுப்பியிருந்தால் அது அநியாயம். தகர ஷீட்டுக்குப் பாதிப் பணம் கொடுத்தேன். "தகரம் சுடும் தம்பி, ஆடு தாங்காது" என்றார். மேலே கீற்று பரப்பிக் கட்டினோம். இப்போது சூடு தெரியவில்லை என்கிறார்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது பறந்து நொறுங்கிய ஷீட்டுகளை எங்கள் தெருவில் துடைப்பத்தால் கூட்டி ரோட்டுப் பள்ளத்தில் கொட்டினோம். அடுத்த புயலும் வரும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்க மனு எழுதியிருக்கிறேன். தாலுகாவுக்கு ஒரு மேட்டு இடம், அங்கே வீட்டு ஷீட்டுகளை இலவசமாக வாங்கிக்கொள்ள ஏற்பாடு, சேர்ந்ததைக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்ப லாரி, அள்ளும் துப்புரவுப் பணியாளர்களுக்கு மாஸ்க், ஷீட்டைக் கொடுக்கும் ஏழை வீடுகளுக்கு மாற்றுக் கூரைக்கு மானியம். தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.