கடைசி நாளும் ஒரு சரை கடலையும்

வெளிநாடு வந்து சேர்ந்த எங்கள் எல்லோரிடமும் ஒரு கடைசி நாள் இருக்கிறது. சிலருக்கு அது பாங்கொக்கில், சிலருக்கு மொஸ்கோவில், சிலருக்குப் பம்பாயில். எனக்கு அது கொழும்பில் அமைந்தது.

1994 ஆம் ஆண்டு வைகாசி மாதம். நானும் ஐயாவும் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்து, வவுனியாவில் பாஸ் எடுத்து, கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ். மூன்று கட்டில் போட்ட அறையில் ஐந்து பேர். எல்லோரும் ஏஜென்சிக்காரனின் ரெலிபோனுக்குக் காத்திருப்பவர்கள். பொலிசில் பதிந்த துண்டை எல்லோரும் சட்டைப் பொக்கற்றிலேயே வைத்திருப்போம். படுக்கும்போதும் எடுப்பதில்லை. இரவில் கதவு தட்டினால் முதலில் அதைத்தான் கை தேடும்.

பதினெட்டாம் நாள் காலையில் செய்தி வந்தது. அன்றிரவு பயணம். எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. வான் வரும், ஆயத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐயாவுக்குக் கொழும்பு புதிது அல்ல. 1961 இல் கோட்டையில் ஒரு கம்பனியில் கிளாக்கராகச் சேர்ந்தவர். 22 வருடங்கள் அங்கேதான் வேலை. 1983 ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். அதன் பிறகு கொழும்புப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. வெங்காயத் தோட்டமும் சங்கக்கடைக் கணக்குமாக ஊரிலேயே இருந்துவிட்டார். அந்தத் தோட்டக் காணியை ஈடு வைத்துத்தான் என் பயணத்துக்குக் காசு கட்டியிருந்தார்.

மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் ஐயா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"தம்பி, வாவன், ஒருக்காக் கோல்பேஸ் வரைக்கும் போட்டு வருவம். பஸ்ஸிலை போனால் கொஞ்ச நேரம்தான்."

எனக்கு வயது 23. நெஞ்சு முழுக்கப் பயம். வழியில் மறித்து அடையாள அட்டை கேட்டால்? பிடித்துக்கொண்டு போனால்? வான் வந்து போய்விட்டால்? கட்டிய காசு போய்விடுமே?

"உங்களுக்கு உலாத்திறதுக்கு இதுவா நேரம் ஐயா? ஈடு வைச்ச காணியை நினைச்சுப் பாருங்கோ" என்றேன். அறையில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஐயா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

பொழுதுபடத்தான் திரும்பி வந்தார். காற்சட்டையின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது. சிங்களப் பேப்பரில் சுற்றிய ஒரு சரை கடலையை என் கையில் தந்தார். "கடல் அப்பிடியேதான் கிடக்குது" என்று மட்டும் சொன்னார். நான் கடலையைச் சாப்பிடவில்லை. பையின் ஓரத்தில் செருகி வைத்தேன்.

இரவு ஒன்பதரைக்கு வான் வந்தது. விமான நிலையம் வரை ஐயாவை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். லொட்ஜ் வாசலில்தான் விடை. "அம்மாவுக்குக் கடிதம் போடு" என்றார். தலையைத் தடவினாரா என்று கூட நினைவில்லை. வானுக்குள் ஏறி ஒளிந்துகொள்ளும் அவசரம் எனக்கு.

ஐயாவின் விரிவான கடிதம் 1996 தொடக்கத்தில்தான் கையில் கிடைத்தது. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவர்களும் சாவகச்சேரிக்குப் போயிருந்தார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து எழுதியிருந்தார். இடப்பெயர்வைப் பற்றி நாலு வரி. மிச்சமெல்லாம் அந்தப் பின்னேரத்தைப் பற்றி. கோட்டையில் இறங்கி, தான் வேலை செய்த கட்டடத்தை வெளியில் நின்று பார்த்தாராம். ஒரு காலத்தில் வெளிச்சவீடாகவும் இருந்த அந்த மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்தாராம். பிறகு காலிமுகத்திடலில் கோட்டைப் பக்கத்துக் கட்டில் போய் இருந்தாராம். 1961 இல் முதற் சம்பளம் எடுத்த அன்று அந்த இடத்தில் இருந்துதான் ஒரு சரை கடலை வாங்கித் தின்றாராம். "உன்னை அதிலை ஒருக்கா இருத்தி வைக்க விரும்பினேன். வேறொன்றும் இல்லை" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடலை? இடையில் மொஸ்கோவில் பதினொரு நாள் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்தபோது, பசியில் நாலு பேர் பகிர்ந்து தின்றோம்.

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. பலர் ஊருக்குப் போய் வந்தார்கள். என்னுடைய அகதி வழக்கு அப்போதும் முடியவில்லை. 2004 இல் ஐயா காலமானார். செத்தவீட்டைப் படங்களில்தான் பார்த்தேன்.

2023 ஆடியில் மகளோடு போனேன். ஊரில் மூன்று கிழமை. கடைசி நாள் கொழும்பில். இரவு விமானம். பெட்டி நிறுக்க வேண்டும், புறக்கோட்டையில் மிளகாய்த்தூளும் கருவாடும் வாங்க வேண்டும் என்று நான் ஓடிக்கொண்டிருந்தேன். மகள் கேட்டாள்: "அப்பா, கடலுக்குப் போவமா?"

"நேரமில்லைப் பிள்ளை" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினேன்.

போனோம். பொடியள் பட்டம் விட்டுக்கொண்டு நின்றார்கள். இறால் வடை வண்டிகள் நின்றன. ஐயா சொன்ன இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. கோட்டைப் பக்கம் பார்த்தால் அந்தக் காலத்துக் கடல் இல்லை. மண் போட்டு நிரப்பி, 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் கட்டுகிறார்கள். கடல் அப்படியே கிடக்கிறது என்று இனி யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. இருந்த கட்டில் இருந்து ஒரு சரை கடலை வாங்கினேன். மகளுக்கு ஐயாவின் கதையைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரையை என் பக்கம் நீட்டினாள்.

கருவாடு வாங்கவில்லை. வீட்டில் கொஞ்சம் பேச்சு வாங்கினேன்.

ஊருக்குப் போகிற உறவுகளே, கடைசி நாளை முழுவதும் கடைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்களோடு வருகிறவர், அல்லது வழியனுப்ப வருகிறவர், எங்காவது ஓர் இடத்துக்குக் கூப்பிட்டால் ஒருக்காப் போய் இருந்துவிட்டு வாருங்கள்.