மலை ஏறும் வரதன்

தை முதல் நாள் இரவு. பொங்கல் பானை இறக்கிய களைப்பில் ஊர் உறங்கத் தொடங்கும் வேளையில், காஞ்சி அத்திகிரியிலிருந்து தேவப்பெருமாள் பயணம் புறப்படுகிறார். சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழையசீவரமே அவர் சேருமிடம். மறுநாள் மாட்டுப் பொங்கலன்று அங்கே பார்வேட்டை உற்சவம்.

அரசன் தன் நாட்டைச் சுற்றிப் பார்த்துக் குடிகளின் நலம் அறியும் பாவனையில் அமைந்த விழா இது. வழியில் முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் எனப் பல ஊர்கள். அவற்றுள் நெசவை நம்பி வாழ்ந்த ஊர்களும் உண்டு. அன்றாடம் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு அமர்ந்திருப்போர் அன்றிரவு வாசலில் கோலமிட்டு, கற்பூரத் தட்டுடன் விழித்திருக்கின்றனர். நடக்க இயலாத முதியவர் கயிற்றுக் கட்டிலிலிருந்தே கைகூப்புகிறார். கோயிலுக்கு வர முடியாதவரின் வாசலுக்குக் கோயிலே வருகிறது.

பொழுது புலர்ந்த பின் பெருமாள் பழையசீவரத்துக் குன்றின்மீது எழுந்தருளுகிறார். பத்மகிரி எனப்படும் இக்குன்று பெரிய மலையன்று. ஆயினும் இரவெல்லாம் விழித்து நடந்த கால்களுக்கு அதன் ஒவ்வொரு படியும் பெரிதே. ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள் மாற்றி, மூச்சு வாங்கி, எம்பெருமானுக்குச் சிறு அதிர்வும் நேராதபடி ஏறும் காட்சியைக் கண்டவர், "வரதா!" என்று தம்மையறியாமல் குரல் கொடுப்பர்.

இந்த ஊருக்கும் காஞ்சிக்கும் உள்ள உறவைப் பெரியோர் ஒரு மரபுச் செய்தியாகச் சொல்வர். அத்தி வரதர் அனந்தசரஸ் திருக்குளத்தில் எழுந்தருளிய பின், மூலஸ்தானத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்ட திருமேனி பழையசீவரத்திலிருந்தே வந்ததாம். ஆகவே ஆண்டுதோறும் பெருமாள் இங்கு வருவதைத் தாய்வீட்டுப் பயணமாகவே மக்கள் கருதுகின்றனர்.

குன்றின்மேல் நின்று நோக்கினால் பாலாறு அகன்று கிடப்பது தெரியும். செய்யாறும் வேகவதியும் அதனோடு கூடுமிடமே எதிர்க்கரையிலுள்ள திருமுக்கூடல். காஞ்சியைத் தழுவிவரும் வேகவதி சேரும் இடத்துக்கே காஞ்சிப் பெருமாளும் வந்து சேர்வது எண்ணி மகிழத்தக்கது. குன்றிலிருந்து இறங்கிய வரதர், பழையசீவரம் லட்சுமி நரசிம்மருடன் ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் செல்கிறார். சாலவாக்கம் சீனிவாசப் பெருமாளும் காவாந்தண்டலம் லட்சுமி நாராயணப் பெருமாளும் அங்கு வர, அப்பன் வேங்கடேசப் பெருமாளோடு ஐவரும் ஒருங்கே காட்சி தருகின்றனர்.

அக்கோயிலின் கல்வெட்டு மற்றொரு செய்தியைக் காத்து வைத்திருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், இங்கு மாணவர் தங்கிப் படிக்க வேதக் கல்லூரியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இயங்கின. மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்கள் ஆகியோருக்கான ஊதியமும், சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நோயாளியைக் காப்பதும் பெருமாள் கைங்கர்யமே என்று நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்று பல குடும்பங்கள் காரில் நேரே திருமுக்கூடல் சென்று, ஐந்து பெருமாளையும் சேவித்து, இருட்டுமுன் வீடு திரும்பிவிடுகின்றன. அதில் குற்றமில்லை. ஆனால் வழியை விட்டுவிட்டால் இவ்விழாவின் பாதி கைநழுவிப் போகும். கற்பூரத் தட்டேந்தி நிற்கும் வாசல்களும், தோள் கொடுப்போரின் வியர்வையும் அந்த வழியில்தான் உள்ளன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் காலம் இது. வாசலில் காத்திருக்கும் வழக்கத்தை அவர்கள் யாரிடமிருந்து கற்பர்?

வரும் தை மாதம் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்து ஓர் ஊர் எல்லை வரையிலாவது பெருமாளின் பின்னே நடக்கலாம். முடிந்தால் குன்றையும் ஏறலாம். நம்மைத் தேடி இரவெல்லாம் வருபவருக்காக நாம் சில நாழிகை நடப்பது தகும்.